கோ, வென்ட், கான்: ஒரு சரித்திரம்

கோ, வென்ட், கான். டேக், டுக், டேக்கன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த பலர் இந்த மூன்று கட்ட அட்டவணையை ராகம் போட்டு ஒப்பித்தவர்கள்தான். முதல் கட்டம் நிகழ்காலம், இரண்டாவது இறந்தகாலம், மூன்றாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள். தேர்வில் 'ஹேஸ் வென்ட்' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. நேர்முகத் தேர்வில் வாய் தவறிச் சொன்னால் மானமும் போச்சு. ஆனால் இன்று சிவப்பு மையால் அடிக்கப்படும் இதே மாதிரித் தவறுகளை இங்கிலாந்தின் பெரிய பெரிய எழுத்தாளர்களே ஒரு காலத்தில் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். அவை எப்போது, எப்படித் தவறு ஆயின?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வினைகள் பெரும்பாலும் இரண்டு விதம். ஒரு விதம், சொல்லின் நடுவில் இருக்கும் உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டும். 'சிங், சாங், சங்' அப்படிப்பட்டது. இவற்றில் ஏழு வகுப்புகள் இருந்தன. எந்த வகுப்பு என்று தெரிந்தால் மாற்றமும் தெரிந்துவிடும். அதாவது, அன்றைக்கு இவை ஒழுங்கற்ற வினைகளே அல்ல! இன்னொரு விதம், சொல்லின் கடைசியில் ஒரு வாலை ஒட்டிக்கொள்ளும். இன்றைய 'எட்' அந்த வால்தான். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வினைகள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் வந்தன. அவற்றில் அநேகமாக எல்லாமே சுலபமான வாலையே ஒட்டிக்கொண்டன. பழைய வினைகள் பலவும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. 'ஹெல்ப்' என்ற சாதாரணச் சொல்லையே பாருங்கள். அதற்கு 'ஹோல்ப்', 'ஹோல்பென்' என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் 'ஹோல்பென்' இன்றும் இருக்கிறது. இன்று அதைத் தேர்வில் எழுதினால் முட்டைதான்.

'வென்ட்' கதை இன்னும் வேடிக்கை. அது 'கோ'வின் சொந்தப் பிள்ளையே இல்லை. 'வென்ட்' என்பது 'வெண்ட்' (திரும்பிச் செல், வழி பிடித்துப் போ) என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'செண்ட், சென்ட்' மாதிரிதான் இதுவும். 'கோ'வுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த இறந்தகாலச் சொல் வழக்கொழிந்துபோக, அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துவிட்டது.

குழப்பத்தின் வேர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலத்திலேயே ஒருமைக்கு ஒரு உயிரொலி, பன்மைக்கு வேறு உயிரொலி. 'நான் பாடினேன்' என்றால் 'சாங்', 'நாங்கள் பாடினோம்' என்றால் 'சுங்கொன்'. காலப்போக்கில் ஒருமை பன்மை வேறுபாடு மறைந்தது. இப்போது எந்த உயிரொலியை வைத்துக்கொள்வது? ஒவ்வொரு வினையும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் போனது. 'சிங்', 'ட்ரிங்க்' ஒருமைப் பக்கம் போயின. 'வின்', 'க்ளிங்' பன்மைப் பக்கம் போயின. பல வினைகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் இரண்டு வடிவமும் புழங்கின. எனவே 'ஹி பிகன்' என்று இறந்தகாலத்துக்கு மூன்றாம் கட்டச் சொல்லைப் போட்டவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல. அது பழைய பன்மையின் எச்சம்.

அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! 18-ஆம் நூற்றாண்டு விடவில்லை. 1712-ல் ஜோனத்தன் ஸ்விஃப்ட், ஆங்கிலம் கெட்டுப்போகிறது, அதைத் திருத்தி நிலைநிறுத்த ஒரு ஏற்பாடு வேண்டும் என்று ஒரு யோசனையை எழுதி வெளியிட்டார். வினைகளின் வாலை நறுக்கிச் சுருக்குகிறார்கள் என்பதும் அவருடைய புகார்களில் ஒன்று. ஐம்பது வருடம் கழித்து, 1762-ல், ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் (பின்னாளில் லண்டன் பிஷப்) ஒரு சிறிய ஆங்கில இலக்கணப் புத்தகம் வெளியிட்டார். இறந்தகாலம் வேறு, பார்ட்டிசிபிள் வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் மனிதர் பிடிவாதம். 'ஹேவ் ரோட்' தவறு, 'ஹேவ் ரிட்டன்' சரி. இதை வெறுமனே சொல்லாமல், யார் யார் இப்படித் தவறாக எழுதினார்கள் என்று அடிக்குறிப்புகளில் ஆதாரத்தோடு பிடித்துப் போட்டார். மில்டன், ட்ரைடன், போப், அடிசன் எல்லோரும் மாட்டினார்கள். மொழியைத் திருத்தக் கிளம்பிய ஸ்விஃப்ட்டும் மாட்டினார்!

இதில் லவுத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வடிவங்களைத் தனித்தனியாக வைத்திருப்பது பொருளைத் தெளிவாக்கும் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அவர் செய்தது தேர்ந்தெடுக்கும் வேலை. புழக்கத்தில் இருந்த இரண்டில் ஒன்றை எடுத்துச் 'சரி' என்றும் மற்றதைத் 'தவறு' என்றும் எழுதி வைத்தார். 1795-ல் லிண்ட்லி மரே தன் இலக்கணத்தை எழுதியபோது லவுத்திடமிருந்து ஏராளமாக எடுத்துக்கொண்டார். மரே தொழிலால் வழக்கறிஞர், நியூயார்க்கில் வியாபாரமும் செய்தவர். யார்க் நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதிய அந்தப் புத்தகம் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பாடப்புத்தகமாகி விற்றுக் குவிந்தது. அட்டவணை இறுகிப்போனது இப்படித்தான். அதற்குப் பிறகும் கடலின் இரு கரைகளும் முழுக்க ஒத்துப்போகவில்லை. 'காட்டன்' என்ற பழைய பார்ட்டிசிபிளை இங்கிலாந்து பெரும்பாலும் தொலைத்துவிட்டது. அமெரிக்கர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சரி, புத்தகம் எழுதியவர்கள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தார்களா? இல்லை. 2007-ல் எரெஸ் லீபர்மேன், ஜான் பாப்டிஸ்ட் மிஷேல் உள்ளிட்ட ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்திலிருந்து 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துத் தொடர்ந்து போனார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 145 மிஞ்சின. இன்றைக்கு 98. அதிகம் பேசப்படும் வினை தப்பிக்கிறது, அபூர்வமாகப் பேசப்படும் வினை வாலை ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஒரு வினை நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால் பத்து மடங்கு வேகமாக மாறுகிறதாம். மிக அதிகமாகப் புழங்கும் பத்து ஆங்கில வினைகளும் ஒழுங்கற்றவையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். தினமும் வாயில் வருவதை யாரும் மறப்பதில்லை. நில் நின்றான், சொல் சொன்னான், கல் கற்றான் என்று நாலு தினுசாகப் போகும் தமிழ் வினைகளைத் தமிழ்ப் பிள்ளைகள் அட்டவணை இல்லாமலேயே சொல்லவில்லையா!

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. 'ரிங்' முதலில் வால் ஒட்டும் வினை. 'சிங்'கைப் பார்த்து 'ராங்' ஆனது. 'வேர்' அப்படியே 'பேர்' என்பதைப் பார்த்து 'வோர்' ஆனது. ஜேம்ஸ் மன்னர் பைபிளில் 'டிக்ட்' என்று இருப்பதுதான் இன்றைய 'டக்'. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'ஸ்னீக்' என்ற சொல்லுக்கு 'ஸ்னக்' என்ற இறந்தகாலம் எங்கிருந்தோ முளைத்தது. ரொம்ப நாள் அதைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். இப்போது அகராதிகள் 'ஸ்னீக்ட்' பக்கத்திலேயே அதற்கும் இடம் கொடுக்கின்றன. அடுத்து வால் ஒட்டிக்கொள்ளப் போவது எது என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரு ஜோசியமும் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்வதைக் குறிக்கும் 'வெட்'. மூன்று கட்டத்திலும் மாறாமல் நிற்கிற அது கூடிய சீக்கிரம் 'வெட்டட்' ஆகிவிடுமாம்.