‘1952 இறுதி’: இரட்டைச் சுருள் நூல்களில் ஒரு தேதியும் ஓர் அறிக்கையும்

டி.என்.ஏ.யின் வடிவம் கண்டறியப்பட்ட கதையைப் பொதுவாசகருக்குச் சொல்லும் நூல்களில் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடும். 1953 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை, லண்டன் கிங்ஸ் கல்லூரி. லைனஸ் பாலிங்கின் பிழையான மூவிழை மாதிரி பற்றிய கட்டுரைப் படியோடு கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் வாட்சனிடம் மாரிஸ் வில்கின்ஸ் ஓர் எக்ஸ்ரே படத்தைக் காட்டுகிறார். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் வழிகாட்டுதலில் ரேமண்ட் கோஸ்லிங் எடுத்த அந்தப் படத்தைத்தான் இன்று ‘51ஆம் படம்’ என்கிறோம். படத்தைப் பார்த்ததும் வாட்சன் திகைத்துப் போகிறார். பிப்ரவரி 28இல் காரங்கள் இணைசேரும் முறை புலப்பட்டுவிடுகிறது.

இந்தக் காட்சிக்கு முதன்மையான மூலம் ஒன்றுதான்: 1968இல் வாட்சன் வெளியிட்ட ‘தி டபுள் ஹீலிக்ஸ்’. வாட்சனை ஏற்றுக்கொண்டவர்களைவிட அவரை எதிர்த்து எழுதியவர்களே இக்காட்சியை நிலைநிறுத்தினார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஆன் சேயர். அவருடைய 1975ஆம் ஆண்டு நூலான ‘ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அண்ட் டி.என்.ஏ.’யின் வாசிப்போடுதான் எனக்கு முதன்மையான மாறுபாடு.

சேயர் ஃபிராங்க்ளினின் தோழி. கணவர் டேவிட் சேயர் படிகவியலாளர். 1958 ஏப்ரலில், 37 வயதில் இறந்துபோன தோழியை வாட்சனின் நூல் ‘ரோஸி’ என்ற சிடுமூஞ்சிப் பாத்திரமாக்கி வைத்திருந்தது. அந்தப் பாத்திரத்தை உடைப்பதே சேயரின் வேலை. அதை அவர் திறம்படச் செய்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ரோஸி எப்படியிருப்பார் என்று வாட்சன் எழுதியதற்கு, ஃபிராங்க்ளினின் பார்வையில் குறையே இல்லை, அவர் கண்ணாடி அணிபவரே அல்லர் என்று பதில் சொன்னார். கிங்ஸ் கல்லூரி ஆய்வகத்தில் பெண்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிட்டார் என்ற குற்றச்சாட்டு பின்னால் எழுந்தது. அது சரியானதே, ஆனாலும் அவர் நூலின் மையத்தை அது அசைப்பதில்லை.

என் மாறுபாடு வேறோர் இடத்தில். வாட்சன் எழுதிய நாடகத்தில் பாத்திரங்களின் குணத்தைத்தான் சேயர் மாற்றினார், கதைப்பின்னல் அப்படியே நின்றது. ஜனவரிப் படம் வாட்சனுக்குத் திறவுகோல். சேயருக்கும் அதுவே திறவுகோல், என்ன, உரியவர் அறியாமல் எடுத்தது. வெற்றிக்காட்சி குற்றக்காட்சியாயிற்று. கிங்ஸ் ஆய்வுகள் பற்றி மருத்துவ ஆய்வுக் குழுவுக்குத் தரப்பட்ட அறிக்கையை (அதற்குப் பின்னால் வருகிறேன்) சேயர் பேசாமலில்லை, விரிவாகவே பேசுகிறார். ஆனால் எது எவ்வளவு பயன்பட்டது என்ற கேள்வியைவிட, யார் யாரைக் கேட்காமல் எடுத்தார் என்ற கேள்வியே அவரை நடத்திச் செல்கிறது. அறநோக்கில் அது முறையான கேள்விதான். ஆனால் அதன் விளைவாக, படமே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற வாட்சனின் கூற்று சோதிக்கப்படாமலே தப்பித்துக்கொண்டது. எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட சாட்சியத்தை அதற்குப் பின் யார் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள்?

செய்திருந்தால் முதலில் தட்டுப்பட்டிருக்க வேண்டியது தேதி.

‘தி டபுள் ஹீலிக்ஸ்’ அந்தப் படத்தை அச்சிட்டிருக்கிறது. படக்குறிப்பின்படி அது 1952 இறுதியில் எடுக்கப்பட்டது. அதே நூலின் 23ஆம் இயலில், கோடையின் நடுப்பகுதியிலிருந்தே ஃபிராங்க்ளினிடம் படத்தில் தெரியும் புதிய வடிவத்துக்கான சான்று இருந்தது என்று வில்கின்ஸ் சொன்னதாக வாட்சன் எழுதுகிறார். ஆக, ஒரே நூலில் இரண்டு காலக்குறிப்புகள். இரண்டும் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுப் பதிவோடு பொருந்தவில்லை: படம் எடுக்கப்பட்டது 1952 மே மாதத் தொடக்கத்தில். இந்த முரணையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இன்னும் பின்னால் போகலாம். ஈரப்பதம் ஏறும்போது டி.என்.ஏ. இழை ‘ஏ’ வடிவத்திலிருந்து, 51ஆம் படத்தில் தெரியும் ‘பி’ வடிவத்துக்கு மாறுவதை ஃபிராங்க்ளின் 1951 இலையுதிர் காலத்திலேயே கண்டிருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று கிங்ஸ் கல்லூரியில் அவர் பேசியபோது வாட்சன் அவையில் இருந்தார். அந்த உரைக்கு ஃபிராங்க்ளின் எழுதிவைத்த குறிப்புகளில் ஈர வடிவம் இடம்பெறுகிறது. குறிப்பில் இருப்பதெல்லாம் வாயால் சொல்லப்பட்டிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சுருள் பற்றி அவர் பேசியதாகத் தமக்கு நினைவில்லை என்று வில்கின்ஸ் பின்னர் சொன்னதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் குறிப்பெடுக்கும் பழக்கம் இல்லாத வாட்சன் அன்று கேட்ட நீரின் அளவைத் தவறாக நினைவில் வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் திரும்பினார் என்பதும், அதை நம்பிக் கட்டிய மூவிழை மாதிரியை ஃபிராங்க்ளின் வந்து பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிட்டார் என்பதும் அவர் நூலே ஒப்புக்கொள்பவை.

தேதி ஏன் முன்நோக்கி நகர்ந்தது? மூன்று விளக்கங்களை எண்ணலாம். முதலாவது, பதினைந்தாண்டுக்குப் பின் எழுதியவரின் வெறும் மறதி. இரண்டாவது, படக்குறிப்பைப் பதிப்பகத்தார் எழுதியிருக்கக்கூடும். அப்படியானால் நூலின் முரணுக்கு வாட்சன் பொறுப்பல்லர். இவ்விரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நூலின் கட்டுமானத்தைப் பார்த்தால் மூன்றாவது ஒன்றும் தோன்றுகிறது. 1951இல் நேப்பிள்ஸ் மாநாட்டில் வில்கின்ஸ் காட்டிய ஒரு படத்தால்தான் வாட்சன் டி.என்.ஏ.யின் பக்கம் திரும்புகிறார். 1953இல் அதே வில்கின்ஸ் காட்டும் இன்னொரு படத்தால் கதை முடிவை நோக்கித் திரும்புகிறது. இரண்டாம் படம் ஏறத்தாழ ஒன்பது மாதம் பழையது, அதில் தெரியும் வடிவம் வாட்சன் அமர்ந்திருந்த அவையில் ஒரு வருடத்துக்கு முன்பே பேசப்பட்டது என்றால் அந்தத் திகைப்புக்கு இடமேது? கதைக்குப் புதிய படம் தேவைப்பட்டது.

ஊகத்தை இன்னும் ஓரடி நீட்டுகிறேன். 1952 இறுதியைச் சேர்ந்த ஆவணம் ஒன்று உண்மையிலேயே உண்டு, அது படமன்று. மருத்துவ ஆய்வுக் குழுவின் உயிர்இயற்பியல் கமிட்டி அந்த டிசம்பரில் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தபோது உறுப்பினர்களுக்குத் தரப்பட்ட அறிக்கை அது. உறுப்பினர்களில் ஒருவரான மாக்ஸ் பெரூட்ஸ் அதை 1953 பிப்ரவரியில் வாட்சனுக்கும் அவரோடு சேர்ந்து மாதிரி கட்டிய பிரான்சிஸ் கிரிக்குக்கும் கொடுத்தார். நாள் எது என்பதில் கணக்குகள் துல்லியமாக இல்லை. அறிக்கையின் காலம் படத்தின் மேல் ஏறிவிட்டதோ? நிறுவ முடியாது. ஆனால் படம் அறிக்கையை மறைத்துவிட்டது என்ற பெரிய உண்மைக்கு இச்சிறு பிழை வெகு பொருத்தமாக அமைகிறது.

வாட்சன் அறிக்கையை ஒளிக்கவில்லை. தாம் கண்ணால் பார்த்து வந்து சொன்னது சரிதான் என்று கிரிக் நிம்மதி கொள்ள உதவிய தாளாக அதைச் சுருக்கிவிடுகிறார், அவ்வளவே. உண்மையில் கிரிக் அதில் கண்டது வேறு. ‘ஏ’ வடிவப் படிகத்தின் அலகு அளவுகளையும் சமச்சீர் வகையையும் ஃபிராங்க்ளின் அதில் தந்திருந்தார். தாம் ஆராய்ந்துகொண்டிருந்த குதிரை ஹீமோகுளோபின் படிகத்துக்கும் அதே வகைச் சமச்சீர் இருந்ததால், இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பது கிரிக்குக்கு உடனே பிடிபட்டது. ஃபிராங்க்ளினே எட்டாத முடிவு அது. மாதிரி கட்டப்பட்டு முடியும்வரை 51ஆம் படத்தை கிரிக் பார்க்கவேயில்லை என்பதை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். படமே திறவுகோல் என்போர் இந்த ஒரு செய்திக்கு விடை சொல்லியாக வேண்டும்.

கண்டுபிடித்த இருவருமே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். 1953 ஏப்ரல் 25 ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்களின் கட்டுரை, கிங்ஸ் கல்லூரியில் வெளியிடப்படாதிருந்த முடிவுகளைப் பொதுப்படையாக அறிந்திருந்ததாக மட்டும் சொல்கிறது. 1954இல் ராயல் சொசைட்டி வெளியீட்டில் கிரிக்கும் வாட்சனும் எழுதிய விரிவான கட்டுரையின் தொனி வேறு. அந்தத் தரவு இல்லாமல் தங்கள் அமைப்பை வகுத்திருப்பது அனேகமாக இயலாத காரியம் என்று அங்கே ஒப்புக்கொள்கிறார்கள். ‘தரவு’ என்கிறார்கள், படத்தை மட்டும் தனியே பிரித்துச் சொல்லவில்லை. வெகுசன நூல்களில் 1953ஆம் ஆண்டு வாக்கியம் அலசப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்குகூட 1954ஆம் ஆண்டு வாக்கியம் அலசப்படவில்லை.

ஃபிராங்க்ளினோடு பின்னாளில் பணியாற்றிய ஏரன் குளுக், தரவைப் பின்தொடரும் இந்த வழியில்தான் நடந்தார். ஃபிராங்க்ளினின் ஆய்வேடுகளை வைத்து அவர் 1968இலும் 1974இலும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவர் வெளிக்கொணர்ந்தது 1953 மார்ச் 17 தேதியிட்ட தட்டச்சு வரைவு. ‘பி’ வடிவம் இரு இழைச் சுருள், பாஸ்பேட்டுகள் வெளிப்புறம் என்பதெல்லாம் அதில் உள்ளன. காரங்களின் இணை இல்லை. கேம்பிரிட்ஜ் மாதிரியைப் பற்றி வில்கின்ஸ் கிரிக்குக்கு எழுதிய கடிதத்தின் தேதி மறுநாள், மார்ச் 18. ராபர்ட் ஓல்பி 1974இலும் ஹோரஸ் ஜட்சன் 1979இலும் அறிக்கைக்கு உரிய இடம் தந்தார்கள். அவர்களுடையவை கனமான வரலாற்று நூல்கள். விற்பனையில் வாட்சனின் சிறுநூலோடு போட்டியிட முடியாதவை.

2002இல் பிரெண்டா மேடக்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு சேயரின் கோபத்தைத் தணித்து, ஆளை முழுமையாகக் காட்டியது. ஆனால் அதற்குள் படம் தனி வாழ்வு பெற்றுவிட்டது. 1987இல் பிபிசியின் ‘லைஃப் ஸ்டோரி’, 2003இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஆவணப்படம், பிறகு அன்னா சீக்லரின் நாடகம். கடைசி இரண்டின் தலைப்பிலேயே 51 இருக்கிறது. அறிக்கை கைமாறுவதை மேடையில் எப்படிக் காட்டுவது?

2023இல் மாத்யூ காப், நதானியேல் கம்ஃபோர்ட் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இந்தக் காட்சியை நேரடியாகக் கேள்விக்குள்ளாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய கடிதம் ஒன்றைச் சற்றே அழுத்திப் படிக்கலாம். 1953 ஜனவரியில் கிங்ஸ் கல்லூரியிலிருந்து பாலின் கவன் கிரிக்குக்கு எழுதியது. ஃபிராங்க்ளினும் கோஸ்லிங்கும் பேசப்போகிறார்கள், வரலாம் என்ற அழைப்பு. கூடவே, பெரூட்ஸுக்கு இதைவிட அதிகமாகவே தெரியும் என்ற குறிப்பு. அறிக்கை கேம்பிரிட்ஜில் ஒருவரிடம் இருந்தது ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தாருக்குத் தெரிந்த செய்தி என்று இதிலிருந்து கொள்ளலாம். தம் தரவை வைத்துக் கேம்பிரிட்ஜில் மாதிரி கட்டுகிறார்கள் என்று ஃபிராங்க்ளினுக்குத் தெரிந்திருந்ததாக இதிலிருந்து கொள்ள முடியாது. காப், கம்ஃபோர்ட் இருவரும் வாட்சன், கிரிக், வில்கின்ஸ், ஃபிராங்க்ளின் நால்வரையும் சமபங்காளிகளாகக் காண்கிறார்கள். அவ்வளவு தூரம் போக ஒரு கடிதம் போதாது என்பது என் எண்ணம். சேயரின் அறக்கேள்வி அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது, சேயர் அதை எழுப்பிய இடம்தான் தவறு.

அறிக்கையின் உரிய பகுதி எங்கோ காப்பகத்தில் பூட்டிக்கிடப்பதும் இல்லை. தம் செயலை நியாயப்படுத்த பெரூட்ஸ் எழுதிய கடிதத்தோடு 1969 ஜூன் 27 ‘சயின்ஸ்’ இதழில் அது அச்சாகியிருக்கிறது. சேயரின் நூல் வெளிவருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பு.