மேற்கோளுக்கு ஒரு முகவரி

'மத் 5:3' என்னும் குறிப்பைக் கண்டவுடன் நாம் தயக்கமின்றி மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து மூன்றாம் வசனத்தில் விரல் வைக்கிறோம். அந்த விவிலியம் எந்த மொழியினதாயினும், எந்த அச்சகத்தில் உருவானதாயினும், இடம் மாறுவதில்லை. ஒரு சொல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை யாரும் சென்று சரிபார்க்கும் வண்ணம் சொல்லிவிடுகின்றன இவ்விரு எண்களும். ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதுவோர் மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இன்ன வடிவில்தான் அமைக்க வேண்டும் என்று இன்று கேட்கப்படுகிறார்கள். காற்புள்ளிக்கும் சாய்வெழுத்துக்கும் இத்தனை கண்டிப்பா என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. ஆனால் இம்முறையின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், அதன் வேர்களிற் பல நம் திருச்சபையின் மடங்களிலும் நூலகங்களிலும் ஊன்றியிருக்கக் காண்போம்.

இங்கிலாந்து நாட்டின் ஜாரோ துறவு மடத்தில் வாழ்ந்து 735-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தவர் புனித பீடு. லூக்கா நற்செய்திக்கு விளக்கவுரை எழுதியபோது அவர் அம்புரோசியார், அகுஸ்தினார், எரோணிமுஸ், கிரகோரியார் ஆகிய தந்தையரின் கருத்துகளை நிறையவே எடுத்தாண்டார். ஒவ்வோரிடத்திலும் பெயரைச் சொல்லிச் செல்வது வாசிப்பைத் தடுக்கும். சொல்லாமல் விட்டால் முன்னோரின் உடைமையைக் களவாடியதாகும். ஆகவே அவரவர் பெயருக்குரிய எழுத்துகளைப் பக்க ஓரத்தில் குறித்துவைத்தார். தம் நூலைப் படியெடுப்போர் அக்குறிகளை விட்டுவிடலாகாது என்று பணிவோடு வேண்டியும் கொண்டார். ஆனால் படியெடுத்தோரிற் பலர் அவ்வேண்டுகோளைப் பொருட்படுத்தவில்லை. பல ஏடுகளில் அக்குறிகள் மறைந்துபோயின. 1899-ஆம் ஆண்டில் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட அப்பெருமகனார், ஓர் எழுத்தளவு குறியிலும் நேர்மையைக் கண்டார் என்பது நம் சிந்தனைக்குரியது.

விவிலியத்தின் இடங்களைச் சுட்டும் வழியும் ஒரே நாளில் அமைந்ததன்று. பாரிசில் மறைநூல் கற்பித்து, பின்னர் காண்டர்பரிப் பேராயரான ஸ்டீபன் லாங்டன் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த அதிகாரப் பிரிவே இன்று நாம் பயன்படுத்தும் பிரிவுக்கு அடிப்படை. அதே நூற்றாண்டில் பாரிசு நகரச் சாமிநாதர் சபைத் துறவியர், ஹியூ என்பாரின் வழிகாட்டுதலில் முதல் விவிலியச் சொல்லடைவைத் தொகுத்தனர். அதற்கென ஒவ்வோர் அதிகாரத்தையும் எழுத்துகளால் குறிக்கப்படும் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டனர். பின்னர் அச்சகத்தாரான இராபர்ட் எஸ்தியேன் 1551-ஆம் ஆண்டில் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இன்றைய வசன எண்கள் இடம்பெற்றன. கத்தோலிக்கரும் பிரிந்துசென்ற சகோதரரும் கடுமையாக வாதிட்ட அந்நூற்றாண்டில், இரு சாராருக்கும் பொதுவாகிப்போனவற்றுள் அவ்வெண்களும் ஒன்று.

சான்றைக் கேட்பது சிலவேளை நமக்கே கசப்பாகவும் அமைந்தது. மேற்குலகின் ஆட்சியைத் திருத்தந்தைக்குப் பேரரசர் கான்ஸ்தந்தீன் வழங்கினார் என்று கூறும் ஆவணம் ஒன்று பல நூற்றாண்டுகளாக நம்பப்பட்டு வந்தது. அதன் மொழிநடை அப்பேரரசரின் காலத்துக்கு உரியதன்று என்பதை 1440-ஆம் ஆண்டில் லொரென்சோ வல்லா எடுத்துக்காட்டினார். ஆவணம் போலியே எனப் பின்னாளில் எல்லாரும் ஏற்றுக்கொண்டனர். பொய்ச் சான்று வீழ்ந்தது. திருச்சபையோ வீழவில்லை. உண்மையைக் கண்டு அஞ்சவேண்டிய தேவை நமக்கில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

புனிதரின் வரலாறுகளைப் பழஞ்சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் பெரும்பணியை இயேசு சபையினர் மேற்கொண்டனர். பொல்லாந்து அடிகளாரின் முதல் தொகுதிகள் 1643-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அப்பணியைத் தொடர்ந்த பாப்பெபுரோக் அடிகளார் 1675-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபை மடங்கள் காத்துவந்த பழைய சாசனங்கள் சிலவற்றின் மீது ஐயம் எழுப்பினார். அச்சபையைச் சேர்ந்த மாபியோன் அடிகளார் சினங்கொண்டு ஏசவில்லை. தோல், எழுத்து, முத்திரை, தேதியிடும் முறை ஆகியவற்றால் ஆவணத்தின் மெய்ம்மையை ஆராயும் வழிகளை வகுத்து 1681-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அதைப் படித்த பாப்பெபுரோக் தம் எதிராளியின் வாதமே சரியென்று அவருக்கே மடல் எழுதினார். சான்றுகள் கண்முன் வைக்கப்பட்டபோது வாதம் பகையாக மாறவில்லை. அது கல்வியாயிற்று.

இன்றைய ஆய்விதழ் வடிவங்கள் இம்மரபின் தொடர்ச்சியே. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிறைக்குறிக்குள் இடும் முறைக்கு, ஹார்வர்டின் விலங்கியல் பேராசிரியர் எட்வர்ட் மார்க் 1881-ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையை முன்னோடியாகக் கூறுவர். சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் கையேடு 1906-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க உளவியலாரின் விதிமுறை 1929-ஆம் ஆண்டில் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கிற்று. மருத்துவ இதழாசிரியர்கள் 1978-ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவரில் கூடி வகுத்த முறையில், மேற்கோள்கள் கட்டுரையில் வரும் வரிசைப்படி எண் பெறுகின்றன. துறைக்குத் துறை வடிவம் வேறுபடுவதற்குக் காரணமுண்டு. புதிய ஆய்வு பழையதை விரைந்து பின்தள்ளும் அறிவியலில் ஆண்டு முன்னே நிற்கிறது. ஆவணத்தைப் பற்றி விளக்கமும் சொல்ல வேண்டிய வரலாற்றில் அடிக்குறிப்பு உதவுகிறது. ஆனால் எல்லாம் கேட்பது ஒன்றையே: எழுதியவர் யார், எப்போது, எந்நூலில், எந்தப் பக்கத்தில்? வீட்டு எண் தவறிய கடிதம் உரியவரைச் சேராதது போல, தொகுதி எண்ணோ பக்க எண்ணோ தவறிய குறிப்பும் வாசகரை வழியிலேயே விட்டுவிடும்.

எனினும் வடிவம் மட்டும் போதாது. 2023-ஆம் ஆண்டில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகள் சில காட்டப்பட்டிருந்தன. வழக்கின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் முறைப்படி அமைந்திருந்தன. ஆனால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று அவற்றைப் புனைந்து தந்திருந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். முகவரி அழகாக எழுதப்பட்டிருந்தது, வீடுதான் இல்லை. எடுத்துக்காட்டும் நூலை நம் கண்ணால் கண்டோமா என்னும் கேள்விக்கு எந்தக் கருவியும் நமக்காக விடை சொல்ல இயலாது.

இது அறிஞர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் பங்குகளில் பொன்விழா மலர்களும் ஆலய வரலாறுகளும் வெளிவருகின்றன. 'முன்னோர் கூறுவர்' என்று தொடங்கும் செய்தி ஒரு மலரில் அச்சேறுகிறது. அடுத்த மலர் அதையே சான்றாகக் கொள்கிறது. மூன்றாவது மலரில் அது ஐயத்துக்கிடமற்ற வரலாறாகிவிடுகிறது. முதியோரின் வாய்மொழி போற்றத்தக்கதே. ஆனால் அது வாய்மொழி என்றும், சொன்னவர் யார் என்றும், கேட்ட ஆண்டு எதுவென்றும் குறிப்போம். ஆலயத் திருமுழுக்குப் பதிவேட்டில் கண்டோமாயின் அதன் தொகுதியையும் பக்கத்தையும் எழுதுவோம். நமக்குப்பின் வருவோர் நாம் நின்ற இடத்தில் வந்து நின்று தாமே பார்க்க அது வழி செய்யும்.

பிறர் உடைமையைக் கவராதிருத்தலும் பொய்ச்சான்று கூறாதிருத்தலும் இறைவன் தந்த கட்டளைகள். எழுதும் மேசையில் அவற்றைக் கடைப்பிடிக்கும் எளிய வழி, எடுத்தது எங்கிருந்து என்று சரியாகச் சொல்வதே. முன்னோர்க்குச் செலுத்தும் நன்றியும், வாசகர்க்கு அளிக்கும் மதிப்பும் அச்சிறு குறிப்பில் ஒருசேர அடங்கியுள்ளன.