கடலில்லா ஊரில் கடல்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆற்றுநீர் தானாகவே அங்கே போய்விடும். அங்கிருந்து கடல்நீரைக் கொண்டுவந்து நம் ஊரில் கடல்மீன் வளர்க்க வேண்டுமானால்? நாள்தோறும் புதுநீர் சுமக்க இயலாது. கொண்டுவந்த நீரையே கெடாமல் காக்க வேண்டும். இதே சிக்கல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் லண்டனில் எழுந்தது.

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், ஒரே தொட்டியில் மீனும் நீர்த்தாவரமும் ஒன்றையொன்று வாழவைக்கும் என்று காட்டினார். கண்ணாடித் தொட்டி ஒரு மோகமாகப் பரவிற்று. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்கூடமே திறக்கப்பட்டது. ஆனால் தேங்கிய நீரின் சமநிலை எளிதில் குலைவது. வெயில் பட்டால் பாசி பெருகும். ஒரு மீன் செத்து அழுகினால் மற்றவற்றுக்கும் ஆபத்து.

வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் என்பவர் வழி கண்டார். 1871-இல் அவர் அமைத்த கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தில், தொட்டிகளுக்குக் கீழே இருண்ட பெரிய நீர்த்தேக்கம் இருந்தது. அதன் கொள்ளளவு மேல்தொட்டிகளைவிடப் பன்மடங்கு. நீராவி எந்திரம் நீரை மேலே ஏற்றும். அது வழிந்து, காற்றைக் கலந்துகொண்டு கீழே திரும்பும். இருளில் பாசி வளராது. நீரின் அளவு மிகுதியாதலால் வெப்பமும் சட்டென மாறாது. நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் 1874-இல் திறந்த காட்சியகத்துக்கும் லாய்டே வழிகாட்டினார். சென்னை மெரினாவில் 1909-இல் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சியகம் கடற்கரையிலேயே இருந்தது. போர்க்காலத்தில், 1942-இல் மூடப்பட்டது.

நம் வீட்டுச் சம்ப்பும் மாடித்தொட்டியும் மோட்டாரும் லாய்டின் ஏற்பாட்டை ஒத்தவைதாம். ஒரே வேறுபாடு, மீன்தொட்டியில் ஏறிய நீர் இறங்கியாக வேண்டும். எனவே மோட்டாரின் பெட்டியில் எழுதிய லிட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது உயரமும் குழாயும் இல்லாத நிலையில் கண்ட அளவு. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு நீரைச் செலுத்தினால், வேகம் நான்கு மடங்காகும். உராய்வு இழப்போ ஏறக்குறைய முப்பத்திரண்டு மடங்கு! குழாயில் கஞ்சத்தனம் கூடாது.

மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். நான் கணக்கிடவில்லை. நெய்வேலி பக்கத்தில் இருந்தென்ன, எங்கள் தெருவிலும் மின்சாரம் நிற்கத்தான் செய்கிறது. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள என் தொட்டியில், நீரேற்றும் குழாயின் வாய் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே மூழ்கியிருந்தது. மோட்டார் நின்றதும் அக்குழாயே வடிகுழாயாகி, 40 லிட்டர் நீரைக் கீழே இறக்கிவிட்டது. கீழ்த்தொட்டியில் 25 லிட்டருக்கே இடம். மீதி 15 லிட்டரும் கூடத்தில்! விடிந்தபோது தரையெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

இப்போது அக்குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துளை இட்டிருக்கிறேன். மட்டம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து ஓட்டத்தை அறுத்துவிடும். துளையை உப்பும் பாசியும் அடைக்கும். வாரம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும்.