மலையேறிய பெயர்கள் – 7: ஆற்றங்கரை மன்றோக்கள்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என மூன்று ஆறுகள் கூடுவதால் மூணாறு. 1877 ஜூலை 11 அன்று இந்த மலைகளை எழுதி வாங்கிய துரையின் பெயருக்குள்ளும் ஓர் ஆறு ஓடுகிறது. அவர் ஜான் டேனியல் மன்றோ.

அயர்லாந்தின் வடக்கே ‘ரோ’ என்றொரு சிற்றாறு. அதன் கழிமுகத்திலிருந்து கடல் தாண்டிய குடும்பம், ஸ்காட்லாந்தின் ராஸ் சீமையில் குடியேறி ‘மன்றோ’ ஆனது என்கிறது குலமரபுக் கதை. கேலிக் மொழியில் ஒரு மன்றோவைக் குறிக்கும் சொல்லுக்கே ‘ரோக்காரர்’ என்றுதான் பொருள். நம்மூர் வேலூரார், கும்பகோணத்தார் போலத்தான்.

ராஸ் சீமையிலிருந்து படைக்கும் பதவிக்குமாக மன்றோக்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர் ஹெக்டர் மன்றோ. ஊர் திரும்பியவர், தன் நிலத்துக் குன்றின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். நம் ஊர் அங்கே மலையேறிய கதை அது.

திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தவர் கர்னல் ஜான் மன்றோ. கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்திலுள்ள ‘மன்றோ துருத்து’ அவர் பெயர் தாங்கியது. ஆற்றிடைத் திட்டைத் துருத்தி என்பது நம் பழந்தமிழ்; குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ சேணமில்லாக் குதிரையில் சிலையாக அமர்ந்திருப்பதும் கூவம் சூழ்ந்த தீவுத்திடலில்தான்.

மூணாற்று மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் பேசி முடித்தது ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு. பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் பூஞ்ஞாற்றுடையது. 1879-இல் தோட்டக்காரர் சங்கம் அமைந்தது; அடுத்த ஆண்டு ஏ.எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். பின்னாளில் தமிழ்ச் சீமையிலிருந்து ஆட்கள் கங்காணிகளின் பின்னால் கூட்டங்கூட்டமாக மலையேறினார்கள்.

ஆனால் மலை மன்றோவின் பெயரை ஏற்கவில்லை. அஞ்சுநாட்டுத் தலைவனாகச் சொல்லப்படும் கண்ணன் தேவனின் பெயரிலேயே அது நின்றது. 1897-இல் வந்த கம்பெனியும் அந்தப் பெயரைத்தான் சூட்டிக்கொண்டது. இன்று அது டீத்தூள் பாக்கெட்டிலும் இருக்கிறது.

காயலோரத்தில் ஒரு மன்றோவும் கூவத்தோரத்தில் ஒரு மன்றோவும் நிலைத்துவிட்டார்கள். மலையை எழுதி வாங்கியவர் பத்திரத்தோடு நின்றுவிட்டார். ஆற்றங்கரைப் பெயர், தண்ணீரோரம்தான் வேர் பிடித்தது.

(அடுத்த வாரம்: கிளாஸ்கோவிலிருந்து வந்த ஃபின்லே)