அகதி முகாமில் பிறந்த உப்புத் தண்ணீர்

1971 மார்ச்சில் கிழக்கு பாகிஸ்தானில் ராணுவம் மக்கள்மீது பாய்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். மழையும் நெரிசலும் சேர்ந்து முகாம்களில் காலரா பரவியது.

மேற்கு வங்க எல்லையோரத்து போங்காவ் மருத்துவமனைக்கு ஜூன் மாதம் வந்து சேர்ந்தார் குழந்தை மருத்துவர் திலீப் மஹலாநபிஸ். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். காலராவுக்கென்று இருந்தவை இரண்டே அறைகள். தரை முழுக்க நோயாளிகள். ஒருவருக்கு சலைன் ஏற்ற வேண்டுமானால் வாந்தியிலும் மலத்திலும்தான் மண்டியிட வேண்டும். அந்த சலைனும் தீர்ந்துகொண்டே வந்தது. ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை.

ஒரு வழி இருந்தது. காலரா முற்றிய நிலையிலும் குளுக்கோஸ் துணைக்கு வந்தால் குடல் உப்பை உறிஞ்சும். உப்பின் பின்னே தண்ணீரும் உடம்புக்குள் போகும். டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இலேயே இதை நோயாளிகளிடம் நிரூபித்திருந்தார்கள். ஆனால் அது மருத்துவமனையில், நிபுணர்கள் அருகிலிருந்து அளந்து கொடுத்தது. முகாமில் குடிக்கும் கரைசலை மட்டுமே நம்பி நோயாளிகளை விடுவதா? மஹலாநபிஸ் துணிந்தார். வேறு வழியும் அவருக்கு இல்லை.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. மூன்றும் கடையில் கிடைப்பவை. கல்கத்தா மையத்தின் நூலக அறையில் எடைபோட்டு, பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாய் ஒட்டினார்கள். போங்காவில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டியவர்கள் யார்? அம்மா, அக்கா, கூட வந்த உறவினர்கள். எனக்கு இந்தக் கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சூத்திரம் மஹலாநபிஸுடையதல்ல. மருத்துவத்தைக் குடும்பத்தாரின் கையில் நம்பிக் கொடுத்தது அவருடையது. தேர்ச்சி பெறாதவர்களிடம் இதைக் கொடுக்கலாமா என்று மருத்துவர்கள் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டு மாதங்களில் சுமார் 3,700 பேருக்குச் சிகிச்சை நடந்தது. உரிய சிகிச்சை எட்டாத இடங்களில் 30 சதவீதம் வரை உயிர்களைக் கொண்டுபோன நோய்; அங்கே இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. அவர் இதை 1973இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். முகாமுக்கு வந்து கண்ணால் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா, பின்னர் இதை உலகெங்கும் கொண்டுசெல்லப் பாடுபட்டார். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான். மஹலாநபிஸ் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் மறு ஆண்டுதான் அறிவிக்கப்பட்டது. அவர் இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும்.

போர் முடிந்து, கிழக்கு பாகிஸ்தான் வங்கதேசமான பிறகு ஊர் திரும்பிய அகதிகளுக்கு உதவ 1972இல் அங்கே தொடங்கப்பட்டது பிராக் அமைப்பு. 1980 முதல் அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் கொண்டு இதே போன்ற கரைசலை வீட்டிலேயே கலக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. பிறகு வேறொருவர் போய் விசாரிப்பார். அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதற்கேற்பத்தான் ஊழியருக்குச் சம்பளம்.