தொலைக்காட்சியும் கால்பந்து ரசனையும்: விருத்தாசலத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் இன்றும் பொம்மைகள் பழைய முறையிலேயே வார்க்கப்படுகின்றன. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி வைப்பார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்பக்கத்தில் மண் ஓடுபோலப் படியும். மிச்சக் கூழை வடித்துவிட்டு, சற்று உலரவிட்டு அச்சைப் பிரித்தால் பிள்ளையாரோ கிருஷ்ணனோ வெளியே வருவார், பிறகு சூளை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது கிடைத்த வெள்ளைக் களிமண்ணை நம்பி இந்த ஊரில் வளர்ந்த தொழில் இது. பட்டறைப் பையன்களின் பனியன் முதுகுகளில் மெஸ்ஸியின் 10ஐயும் ரொனால்டோவின் 7ஐயும் எளிதில் பார்க்கலாம். இந்துமதி கதிரேசன் என்றோ சந்தியா ரங்கநாதன் என்றோ எழுதிய பனியன் கண்ணில் படுவதில்லை. இருவரும் இதே கடலூர் மாவட்டத்தவர்கள். இந்திய அணிக்காக ஆடியவர்கள்.

இதற்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. நம் ஆட்களுக்கு மண்பற்று இல்லை என்பது ஒன்று. நம்மவர் ஆட்டத்தில் தரம் இல்லை என்பது மற்றொன்று. கடந்த பல பத்தாண்டுகளின் வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகின்றன. ரசிகன் கண்முன் யார், எந்த நேரத்தில், எத்தனை முறை வந்து நின்றார்கள் என்பதைப் பொறுத்தே அவன் பற்று அமைந்திருக்கிறது.

தொலைக்காட்சிக்கு முந்தைய காலத்தில் இந்தியக் கால்பந்துக்கு நாயகர்கள் இல்லாமல் இல்லை. 1951 டெல்லியிலும் 1962 ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் படைப்பிரிவு மையத்தில் ஆடி வளர்ந்தவர். வானொலியும் நாளிதழும் கொண்டுவந்த பெயர்கள் இவை. அன்று அயல்நாட்டு வீரர்களும் அதே வழியில்தான் வந்தார்கள். பெலேயும் தங்கராஜும் வாசகனுக்கு ஒரே அளவு தூரத்தில் இருந்தார்கள்.

தூரம் மாறிய தொடக்கத்தை 1977 செப்டம்பர் 24இல் வைக்கலாம். அன்று நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் பெலே கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஆடினார். எதிரணி மோகன் பகான், ஆட்டம் 2-2. உலகப் புகழ்பெற்ற அணியோடு உள்ளூர் அணி சமன் செய்த நாள் அது. ஆனால் அந்த நாள் பெரும்பாலானோர் நினைவில் பெலே வந்த நாளாகவே தங்கிவிட்டது. உள்ளூர் ஆட்டக்காரனின் நல்ல நாளும் வெளிநாட்டு நட்சத்திரத்தின் பெயரில் வரவு வைக்கப்படும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் வந்தது. 1982 ஆசிய விளையாட்டோடு வண்ண ஒளிபரப்பு வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் குறைந்த திறன் ஒளிபரப்பிகள் பல ஊர்களில் நிறுவப்பட்டன. 1986 மெக்சிகோ உலகக் கோப்பை நம் ஊர்களுக்குள் வந்த வழி இதுதான். அங்கே நண்பகல் ஆட்டம் என்றால் நமக்கு இரவு 11.30 மணி. இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த அந்த இரண்டு கோல்களும் இந்தியாவில் நள்ளிரவு தாண்டி, தூக்கத்தை விட்டு விழித்திருந்தவர்கள் பார்த்தவை. உலகக் கோப்பை வந்தால் தெருவுக்கு அர்ஜென்டினா, பிரேசில் என்று கட்சி பிரிவது வழக்கமானது. கேரளத்தில் இது 2022இல் கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் 30 அடி மெஸ்ஸி கட்அவுட் வரை போனது. நம் பக்கம் அவ்வளவு இல்லை. அந்த உயரத்தை நாம் திரைப்பட நடிகர்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

உலகக் கோப்பை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. வாரந்தோறும் வந்து பழக்கமாக்கியது 1990களின் கேபிள் இணைப்பு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம் இங்கே இரவு 7.30க்கோ 8.30க்கோ வரும். வேலை முடித்துக் குளித்துவிட்டு உட்காரும் நேரம். நம் நாட்டு லீக் ஆட்டங்களோ பல காலம் பிற்பகல் வெயிலில், அதுவும் பலமுறை வேலை நாளில் நடந்தன. சூளையடியில் நிற்பவன் எதைப் பார்ப்பான்? இதில் பற்றுக் குறைவைத் தேடுவதை விட நேர அட்டவணையைப் பார்ப்பது பயன் தரும்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபோது உள்நாட்டுக் கால்பந்தும் இரவு நேரத்துக்கு, நல்ல கேமராக்களுக்கு வந்தது. வந்த விதத்தில்தான் கோளாறு. டெல் பியரோ, ட்ரெசகே, பிரெஸ், லுங்பெர்க் என ஓய்வின் விளிம்பில் நின்ற ஐரோப்பியப் பெயர்களை முன்னிறுத்தி அது விற்கப்பட்டது. சென்னையின் எஃப்சிக்கு பிரேசிலின் எலானோ. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இத்தாலியின் மடராசி. அப்போது களத்தில் ஓர் அணிக்கு ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம் என்றிருந்தது. பிறகு அது ஐந்தாகி, 2021-22இல் நான்காகக் குறைந்தது. எண்ணிக்கை குறைந்தாலும் அவர்கள் நின்ற இடம் மாறவில்லை. முதல் ஆண்டு எலானோ, அடுத்த ஆண்டு சென்னையின் மெண்டோசா, பிறகு கோரோ, ஓக்பெச்சே, 2024-25இல் மொராக்கோவின் அஜராய் என்று முதல் பதினொரு பருவங்களிலும் அதிக கோல் அடித்தவர் வெளிநாட்டவரே. கோல் அடிக்கும் இடத்தை அயலவருக்குக் கொடுத்துவிட்டு, தடுப்பதையும் ஓடுவதையும் நம்மவருக்கு விட்ட அமைப்பு இது. கோல் அடித்தவன் பெயரைத்தான் பிள்ளைகள் கத்துவார்கள். எந்த ஊரிலும் அப்படித்தான்.

2018-19இல் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டு அணி ஒன்றுக்கு வந்தது அதுவே முதல் முறை. எட்வின் சிட்னி, அஜித் குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அந்த அணி என்றால் இன்று ஞாபகம் வருவது 21 கோல் அடித்த வெளிநாட்டு வீரர் பெட்ரோ மான்சி. அவரது திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் போனபின் அணியும் தளர்ந்து, சில ஆண்டுகளில் களத்திலிருந்தே மறைந்தது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகரின் கதை இன்னும் வேடிக்கை: 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றைக் கோல் அடித்து, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வெற்றியைக் கொடுத்தார். அவரைக் கொண்டாடியது கொல்கத்தா.

கடலூருக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பின் மாவட்டக் கடற்கரையில் பெற்றோரை இழந்த சிறுமிகள் பலர். கால்பந்துப் பயிற்சியாளர் மாரியப்பன் அத்தகைய சிறுமிகளையும் ஏழை வீட்டுப் பெண்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். அந்த முயற்சியில் உருவான இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி, 2017-18 இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் ஒன்று. ஒரு மாவட்டத் தலைநகரின் அணி நாட்டின் உயர்ந்த மகளிர் போட்டியில் நின்றது. அதே பருவத்தில், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் இறுதியாட்டத்தில் பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி தமிழ்நாடு முதல்முறையாக வென்றது. 2023இல் அமிர்தசரஸில் அரியானாவை வென்று மீண்டும் பட்டம். முதலில் குறிப்பிட்ட இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையான அவர் சென்னைச் சாலைகளில் பணியில் இருந்தார். அன்று அவர் விசாரித்த வண்டிக்காரர்களில் எத்தனை பேர் ஐரோப்பிய அணிப் பனியனில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

தரம் குறைவு என்ற வாதம் இங்கே நிற்காது. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று ஒதுக்கினால் அது ரசனை. இந்தப் பெண்களின் ஆட்டத்தை நம் மக்கள் ஒதுக்கவில்லை, பார்க்கவே இல்லை.

கூப்பிட்டால் வருவார்கள் என்பதற்கும் சான்று அதே 2018இல் உண்டு. ஜூன் 1 அன்று மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல். பார்த்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு காணொலியில், ஐரோப்பிய அணிகளின் ரசிகர்களையும் குறிப்பிட்டு, திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று வேண்டினார். ஜூன் 4 அன்று கென்யாவுடனான ஆட்டத்துக்கு எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன. மூன்று நாளில் யாருக்கும் புதிதாக நாட்டுப்பற்று முளைத்திருக்காது. ஆட்டம் நடக்கிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்தது, அவ்வளவே. மகளிர் அணிக்கு அப்படி ஓர் அழைப்பு இன்னும் ஒலிக்கவில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் வென்று இந்தியப் பெண்கள் அங்கே போவது அதுவே முதல் முறை.

விருத்தாசலத்திலிருந்து கடலூர் சுமார் அறுபது கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. முதலமைச்சர் கோப்பைக்கான போட்டிகள் மாவட்ட அளவிலும் நடக்கின்றன. அவற்றில் பெண்கள் கால்பந்தும் இடம்பெறுகிறது. நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் கைபேசியோடு போய், ஆடுபவர்களின் பெயரைச் சொல்லி நேரலையில் வர்ணனை செய்தால் போதும். தொழிற்பேட்டைக்காரர்கள் பத்துப் பனியனுக்கு ஆகும் செலவை ஏற்கலாம். முதுகில் போட வேண்டிய பெயர்கள் இந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன.