மைசூர்க் கப்பலும் பெரும்பீரங்கிகளின் ஓய்வும்

சாமர்த்தியசாலியைப் பார்த்து, "அவன் சரியான எம்டன்" என்று சொல்வது தமிழர் வழக்கம். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திச் சென்ற ஜெர்மானியக் குரூசர் கப்பலின் பெயர் அது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே அக்கப்பல் ஒழிந்தது. பெயர் மட்டும் நம் நாவில் நிலைத்துவிட்டது. பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இன்னொரு கப்பலின் பெயரும் அறிமுகமாக வேண்டும். கடலுக்கு வெகு தூரத்திலுள்ள இந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த ராஜ்யத்தின் பெயரையே அது தாங்கியிருந்தது.

ஒரு காலத்தில் கடலாதிக்கம் என்றாலே பெரும்பீரங்கிகளின் ஆதிக்கம் என்றுதான் பொருள். 1941 டிசம்பர் 10ஆம் தேதி மலேயாக் கரைக்கு அப்பால் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தபோது அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. 1945 ஏப்ரலில் ஜப்பானின் 'யமாட்டோ'வும் விமானத் தாக்குதலிலேயே மூழ்கிற்று. எனினும் அமெரிக்கா தன்னுடைய அயோவா, நியூஜெர்ஸி, மிஸ்ஸௌரி, விஸ்கான்ஸின் ஆகிய நான்கு கப்பல்களை உடனே கைவிட்டுவிடவில்லை. ஒவ்வொன்றிலும் பதினாறு அங்குல வாயுள்ள பீரங்கிகள் ஒன்பது இருந்தன. 1945 செப்டம்பர் 2ஆம் தேதி ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டது மிஸ்ஸௌரியின் மேல்தளத்தில்தான். அமெரிக்கக் கடற்படை இவற்றுக்கு ஓய்வு கொடுப்பதும் மீண்டும் பணிக்கு அழைப்பதுமாக இருந்து, 1992 மார்ச் 31ஆம் தேதி மிஸ்ஸௌரிக்கு இறுதி ஓய்வளித்தது. நான்கும் இன்று பொருட்காட்சிகளாக விளங்குகின்றன.

அத்தகைய மாபெரும் கப்பல் எதுவும் சுதந்திர இந்தியாவிடம் இருந்ததில்லை. அவற்றுக்கு அடுத்த வகையான குரூசர்கள் இரண்டு இருந்தன. முதலாவது 'டெல்லி', இரண்டாவது 'மைசூர்'. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் 'நைஜீரியா' என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் போரிட்டு, 1942 ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் டார்ப்பிடோவால் தாக்கப்பட்டும் பிழைத்த கப்பலே பின்னர் செப்பனிடப்பட்டு, 1957 ஆகஸ்ட் 29ஆம் தேதி 'மைசூர்' என நம் கொடியை ஏற்றது. ஆறு அங்குலப் பீரங்கிகள் ஒன்பது அதில் இருந்தன. மைசூர் அரசின் இருதலைப் பறவையாகிய கண்டபேருண்டம் அதன் சின்னமாயிற்று.

கார்வார் கரைக்கு அருகே போர்ச்சுகீசியர் வசமிருந்த சிறு தீவு அஞ்சதீவு. 1961 நவம்பரில் அங்கிருந்து 'சபர்மதி' என்ற இந்தியக் கப்பலின்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. கோவா விடுதலை நடவடிக்கையின்போது, டிசம்பர் 18ஆம் தேதி, மைசூரும் 'திரிசூல்' கப்பலும் துணைநிற்க, நம் கடற்படை வீரர்கள் அத்தீவில் இறங்கினர். எதிர்ப்பு கடுமையாயிருந்தது, நம் வீரர் எழுவர் உயிர் நீத்தனர். கப்பல்களின் பீரங்கிகள் முழங்கியபின், மறுநாள் தீவு பணிந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் யுத்தமுறையே மாறிவிட்டது. 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு கராச்சி அருகே பாகிஸ்தானின் 'கைபர்' என்ற நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தவை பெரும்பீரங்கிகள் அல்ல. சிறு ஏவுகணைப் படகுகளே. அந்த யுத்தத்தில் மேற்குக் கப்பற்படையின் தலைமைக் கப்பலாக இருந்தது மைசூர்தான். தன் காலம் முடிவதைத் தன் தலைமையிலேயே அது கண்டது எனலாம். 1973 நவம்பர் 1ஆம் தேதி மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறியது. கப்பலோ பழைய பெயருடனேயே பணியாற்றி, 1985 ஆகஸ்டில் ஓய்வு பெற்றது.

பின்னர் அது உடைக்கப்பட்டது. 1999இல் பணியேற்ற புதிய ஏவுகணைக் கப்பலுக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. இன்று கார்வார் கடற்கரையில் பொருட்காட்சியாக நிற்பது 'சபல்' என்னும் ஏவுகணைப் படகு. பீரங்கிக் கப்பலின் காலத்தை முடித்த இனத்தைச் சேர்ந்தது. அதைக் காணச் செல்லும் நம் குழந்தைகளுக்கு, அக்கடலில் முழங்கிய மைசூரைப் பற்றிச் சொல்ல அதன் இரும்பு ஒரு துண்டும் அங்கில்லை.

பழைய கப்பல்கள் யாவற்றையும் காப்பது எளிதன்று. மும்பையில் பொருட்காட்சியாக இருந்த 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலே பராமரிக்க இயலாமல் 2014இல் உடைக்கப்பட்டது. ஆகவே பெயரைப் புதுக் கப்பலுக்கு அளிக்கும் நம் கடற்படையின் மரபு போற்றத்தக்கதே. ஆயினும் பெயர் மட்டும் போதாது. குண்டு வீசிய எம்டனை நூறாண்டுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கும் நாம், நம்மை ஏற்று வாழ்விக்கும் இம்மாநிலத்தின் கரையருகே உயிரீந்த அந்த எழுவரையும் நினைவில் வைப்பது கடமையாகும். மைசூர் என்னும் பெயரைக் கேட்கும்போது அரண்மனையோடு அந்தக் கப்பலும் நம் நெஞ்சில் எழட்டும்.